மாயவன் விட்டுவைத்த பாதையை என் நிலத்தில் பதிவு செய்ய வேண்டி

அனுப்புநர்
பொ. தனசேகரன்,
வடக்குத் தெரு, எலவனாசூர்கோட்டை,
உளுந்தூர்பேட்டை வட்டம்.

பெறுநர்
வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
உளுந்தூர்பேட்டை.

பொருள்: என் பட்டா நிலத்தின் நடுவே செல்லும் பாதையை அளந்து புலப்படத்தில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பாதையைத் தடுத்துத் தாருங்கள் என்று நிலத்துக்காரர்கள் கொடுக்கும் மனுக்களே தங்கள் மேசையில் அதிகம் இருக்கும். இது பாதையைப் பதிவு செய்யச் சொல்லும் மனு. எழுதுபவனும் நிலத்துக்காரன்தான், புத்தி தெளிவாகவே இருக்கிறது.

1. எனக்கு ஐந்து ஏக்கர் மக்காச்சோளக் கொல்லை. பதினெட்டு ஆண்டுகள் என் டிராக்டரை ஓட்டியவர் கிழக்குக் குடியிருப்பைச் சேர்ந்த மாயவன். முதுகுவலியால் இனி வண்டி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே இந்த ஆவணியில், எங்கள் உழவர் குழு வாடகைக்கு எடுத்த, ஆளில்லாமல் தானே ஓடும் டிராக்டரை விட்டேன்.

2. அந்த வண்டியைக் குறை சொல்ல நான் வரவில்லை. வேறு ஓட்டுநர் கிடைக்காமல், ஈரம் காய்ந்துவிடுமே என்று தவித்த நேரத்தில் நூல் பிடித்ததுபோல் உழுது கொடுத்தது. புளியமரத்தடியில் சிக்னல் இல்லாமல் நின்றுவிட்டது. வரப்போர மூலைகளை நாங்கள்தான் மண்வெட்டியால் கொத்தினோம். ஆனால் மயில் குறுக்கே வந்தால்கூட நின்று வழிவிட்டது.

3. உழவுக்கு முன் வண்டியோடு வந்த பொறியாளர் சந்தியா, அரசின் நில அளவை வரைபடமான புலப்படத்தை வாங்கி வண்டியின் கணினியில் ஏற்றிவிட்டு, நடுவில் ஏதேனும் உண்டா என்று கேட்டார். கிணறு, மின்கம்பம், புளியமரம் என்றேன். பாதையைச் சொல்லவில்லை. குடியிருப்பின் நாற்பது வீட்டார் தார்ச்சாலைக்கு வர என் கொல்லை நடுவேதான் வழி; தினமும் பார்த்த எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. உழுத நேரத்தில் அதில் யாரும் நடக்கவில்லை. மயிலுக்கு நின்ற வண்டி பாதையை உழுதுவிட்டது. தவறு என்னுடையது.

4. அடுத்த நாள் மழை. அதற்கு மறுநாள் காலை, மாயவனின் மகள் ஷாலினிக்குப் பிரசவ வலி கண்டது. 108 வண்டி உழவுச் சேற்றில் சிக்கிக்கொண்டது. முழங்கால் சேற்றில் நாலு பேர் அவரைக் கட்டிலோடு சாலைவரை தூக்கி வந்தார்கள். தாயும் பெண் குழந்தையும் நலம். கடவுளுக்கும் அந்த நாலு பேருக்கும் என் கும்பிடு. என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது.

5. குழந்தையைப் பார்க்கப் போனபோது மாயவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நானா இருந்தா அந்த எடத்துல கலப்பையத் தூக்கிக்கினு போயிருப்பேங்க. வண்டிக்கு இன்னாங்க தெரியும்?" உழாமல் கிடக்கும் அந்தப் பட்டை பாதைக்காக விட்டது என்று யோசிக்காமல், அதைக் காட்டி ஆண்டுதோறும் அவரைச் சோம்பேறி என்று ஏசியிருக்கிறேன். அவரோ ஒவ்வொரு சாலிலும் அங்கே கலப்பையைத் தூக்கி, தாண்டியதும் இறக்கியிருக்கிறார். அந்தப் பாதை எந்தக் காகிதத்திலும் இல்லை, அவர் கையில் மட்டுமே இருந்தது.

6. 108 வண்டி சிக்கிய அன்றே சந்தியா வந்து வண்டியின் படத்தில் பாதையைக் குறித்தார், அவருக்கு நன்றி. ஆனால் அடுத்த பட்டத்துக்கு வேறு வண்டி வரும், அதில் மறுபடி அரசின் புலப்படத்தைத்தான் ஏற்றுவார்கள். எனக்குப் பின் என் மகன் இளவரசன் சென்னையிலிருந்தே உழவுக்குச் சொல்வான். அவனுக்கும் காகிதம்தான் தெரியும். ஆகவே அந்த இடத்தை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரச் சம்மதிக்கிறேன். மகனின் ஒப்புதல் கடிதமும் இணைத்துள்ளேன்.

கார்த்திகை உழவுக்குள் நில அளவரை அனுப்பி, பாதையை உட்பிரிவு செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அளக்கும் நாளில் என்னை எதிர்பார்க்க வேண்டாம். பாதையின் அகலம் எனக்குத் தெரியாது. திரு. மாயவன் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அவர் கலப்பையைத் தூக்கிய இடத்தில் ஒரு கல்லும், இறக்கிய இடத்தில் ஒரு கல்லும் நட்டால் போதும்.

இடம்: எலவனாசூர்கோட்டை
நாள்: 22.09.2025

நன்றியுடன் காத்திருக்கும்,
(ஒப்பம்) பொ. தனசேகரன்

சாட்சி: (ஒப்பம்) திரு. மாயவன், டிராக்டர் ஓட்டுநர்