கைபிடிக் கம்பிக்கு ஒரு காணொளி

உம்முடைய கமரா இப்போது என் மேசையில் இருக்கிறது. பெட்டியைத் திறந்த அன்று புது றப்பர் மணம் எழுந்தது. தவணை தொடங்கும் நாளில் ஒரு வகுப்பே புதுச் சப்பாத்துப் போட்டு வந்து உட்கார்ந்ததுபோல் அறை மணத்தது. இன்று அதே கமராவை மூக்கருகில் கொண்டுபோனால் உப்பும், கொஞ்சம் டீசலும், கொஞ்சம் மீனும் மணக்கின்றன. இடையில் நடந்ததை உமக்கு எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

கனடாவில் உம்முடைய மகள் உமக்கென்று வாங்கியது அது. நீர் கண்மூடி நாலு மாதம் கழித்துத்தான் இங்கே வந்தது. யாரோ கல்யாணத்துக்கு வந்தவர்களின் சூட்கேசில் யாழ்ப்பாணம் வரை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் குறிகட்டுவானுக்கும், போட்டில் நெடுந்தீவுக்கும் வந்து, என் கையில் சேர்ந்தது. உள்ளே அவள் எழுதிய ஒரு துண்டுக் கடிதம் இருந்தது. "மாமா, அப்பா தொடங்கின வேலையை நீங்கள் முடிச்சு விடுங்கோ."

இதை மிரர்லெஸ் என்கிறார்கள். முந்திய கமராக்களுக்குள் ஒரு கண்ணாடி இருந்ததாம்; இதில் அதை எடுத்துவிட்டார்களாம். உள்ளிருந்த ஒன்றை எடுத்துவிட்டதற்காக ஒரு பொருளின் விலை கூடியதை என் வாழ்நாளில் இப்போதுதான் பார்க்கிறேன்.

வேலை என்னவென்று நான் உமக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒழுங்காக எழுதி வைத்தால்தான் எனக்கு மனம் ஆறும். எங்கள் துறையில் போட்டுக்கு இறங்க ஐந்து படி. கீழே இரண்டும் பாசி பிடித்துப் பச்சை. போட் ஏறி இறங்கும், படி அசையாது, பிடிக்க ஒன்றுமில்லை. கிளினிக்குக்குப் போன பூரணமக்கா அங்கே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட அடுத்த நாள் நீர் பேனாவோடு என் வீட்டுக்கு வந்தீர்.

"ஒரு கம்பி, ஐசே. படியோரம் பிடிக்க ஒரு இரும்புக் கம்பி. நான் பாலம் கேக்கேல்லை, விமான நிலையம் கேக்கேல்லை."

"கம்பி கேட்டால் தரமாட்டினம். விமான நிலையம் கேளும், கம்பியாவது வரும்" என்றேன்.

"பொய் எழுத ஏலாது. முப்பது வருசம் தபால் கந்தோரில இருந்தனான்."

துறைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குக் கடிதத்தோடு ஒரு வீடியோவும் அனுப்பினால்தான் நம்புவார்கள் என்று உமக்கு யாரோ சொன்னார்கள். உம்முடைய பழைய போனில் நீரே எடுத்தீர். போட் ஆடியது, உம்முடைய கை ஆடியது, நடுவில் உம்முடைய பெருவிரல் மட்டும் கொஞ்ச நேரம் தனித்து நடித்தது. நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: "சமர்ப்பிக்கப்பட்ட காணொளி தெளிவற்றதாகக் காணப்படுகின்றது. தெளிவான பதிவு கிடைக்குமிடத்துப் பரிசீலிக்கப்படும்."

நீர் அந்தக் கடிதத்தை மடித்து நெஞ்சுப் பொக்கெற்றில் வைத்தீர்.

"பரிசீலிக்கப்படும் எண்டு எழுதிப்போட்டினம். அப்ப படம் தெளிவாய் இருந்தால் கம்பி வரும்."

"படம் தெளிவாய் இருந்தால் இன்னொரு கடிதம் வரும்."

"வரட்டும். கம்பி வாற வரைக்கும் நான் போட்ட கடிதம் முடியேல்லை."

அன்று பின்னேரமே மகளிடம் ஒரு நல்ல கமரா கேட்டீர். மூன்று கிழமையில் போய்விட்டீர். கடலில் அல்ல, படியிலும் அல்ல. முன் விறாந்தைக் கதிரையில் இருந்து, தேத்தண்ணியை ஊதியபடி. எந்த அலுவலகத்துக்கும் அறிவிக்க ஒன்றுமில்லாத சாவு.

கமராவின் கைநூலை நான் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். அது எட்டு கே வீடியோ எடுக்கும். அதாவது, எங்கள் அயலில் எவரிடமும் இல்லாத ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் மட்டும் முழுதாகத் தெரியக்கூடிய அளவுக்குத் துல்லியம். கை நடுக்கத்தை நீக்கும். சாய்ந்த அடிவானத்தை நேராக்கும். ஓடுவதை மெதுவாக ஓட வைக்கும். முகத்தைக் கண்டால் பிடித்துக்கொண்டு விடாது. மனிதர், மிருகம், பறவை, வாகனம் என்று நாம் சொல்லிக்கொடுக்கலாம். முதல்நாள் போட்டில் நான் மிருகத்தில் விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற அதிபரைத் தாண்டிப் போய் ஓர் ஆட்டின் கண்ணில் அது நிலைத்து நின்றது. அதிபர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.

பிறகு எல்லா வசதியையும் போட்டேன். இருப்பதைப் பாவிக்காமல் விடுவது உம்முடைய மகளுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்று எண்ணினேன். சோளகக் காற்று நன்றாக எழும்பிய ஒரு காலை, போட்டில் நின்று படியை நோக்கி எடுத்தேன். போட் ஆடியது. நான் ஆடினேன். ஒருவர் சத்தி எடுத்தார். படம் ஆடவில்லை.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். கடல் எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது. மூட்டை முடிச்சோடு உயிரைப் பிடித்துக்கொண்டு பாய்ந்த சனம் மெல்ல மிதந்து வந்து, சேலை காற்றில் விரிய, நடனக்காரர்போல் போட்டில் இறங்கியது. கமரா முகங்களையே பிடித்திருந்தது. பாசிப் படியோ பின்னணிக்குப் போய், மங்கி, ஒரு பச்சைப் பட்டுத்துணிபோல் ஆகியிருந்தது. போட் ஓட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் கடைசி வரை பார்த்தான்.

"வடிவாய் இருக்கு மாஸ்டர். இது எந்த ஊர்?"

அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். தெளிவு கேட்டவர்களுக்குத் தெளிவு கொடுக்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஒரு மாதத்துக்குள் பதில் வந்தது. அந்த வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காணொளி மிகத் தெளிவாக இருக்கிறதாம். கடல் அமைதியாகவும் பயணிகள் மகிழ்ச்சியாகவும் காணப்படுகிறார்களாம். உல்லாசப் பயணிகளைக் கவர இதைப் பயன்படுத்த என் அனுமதியை வேண்டியிருந்தார்கள்.

உம்முடைய பெருவிரல் படத்தை அன்று மறுபடி போட்டுப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெளிவில்லை. பயம் மட்டும் தெரிந்தது. நான் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அடுத்த நாள் பூரணமக்காவிடம் போனேன். அவர் விழுந்த கதையை அவர் வாயாலேயே எடுத்து அனுப்பலாம் என்பது யோசனை. அவர் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"கிளினிக்குக்கு எப்ப போறியள் அக்கா? அண்டைக்கு நானும் வாறன், கமராவோட."

"நான் இப்ப போறேல்லைத் தம்பி."

"ஏன்?"

"ஆர் பிடிக்கிறது? உங்கட கூட்டாளி இருக்கேக்க, நான் விழுந்த பிறகு, செவ்வாய்க்கிழமையில வந்து படியில நிப்பார். போகேக்கயும் பிடிப்பார், வரேக்கயும் பிடிப்பார். 'கடலைப் பாராதேங்கோ, என்ரை மூஞ்சையைப் பாருங்கோ' எண்டுவார். அந்த மூஞ்சையைப் பார்த்தால் கடல் பறுவாயில்லை எண்டு இறங்கிடுவன்."

"எத்தினை கிளினிக் விட்டுட்டியள்?"

"எண்ணினால் சீனி வருத்தம் குறையுமே?"

அவர் வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார். காலில் துணி சுற்றியிருந்தது. ஆறாத புண் என்று வாசலில் நின்ற மருமகள் சொன்னாள்.

எனக்கு இது தெரியாது, ஐசே. செவ்வாய்க்கிழமைகளில் நீர் துறைக்குப் போவது பேப்பர் வாங்க என்றே நினைத்திருந்தேன். திரும்பி வரும்போது கையில் பேப்பர்தானே இருக்கும். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்து உம்முடைய கடிதங்களின் நடையைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றே கமராவில் நான் போட்டிருந்த ஒவ்வொன்றையும் நிறுத்தினேன். நடுக்கம் நீக்குவது வேண்டாம், மெதுவாக ஓட்டுவது வேண்டாம், முகம் தேடுவது வேண்டாம். கிட்டவும் தூரமும் ஒரே தெளிவாகத் தெரிய வேண்டும்; உள்ளது உள்ள வேகத்தில் ஓட வேண்டும். பூரணமக்காவை இரண்டு நாள் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். செவ்வாய் காலை துறையில் முக்காலியை நிறுத்திக் கமராவைப் படிக்கு நேரே பூட்டினேன்.

"படம் பிடிக்கிறியள் எண்டு சொல்லியிருந்தால் வேற சீலை கட்டியிருப்பன்" என்றார்.

"ரெண்டு நாளாய் அதைத்தானே அக்கா சொன்னனான்."

மூன்றாம் படியில் நின்றுவிட்டார். போட் ஏறியது, இறங்கியது. ஓட்டி "கெதியா, கெதியா" என்றான். அவர் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாசி நூல் நூலாகத் தெரிந்தது. ஐந்து விரலும் விரிந்து காற்றில் நிற்பது தெரிந்தது. அலுவலகம் கேட்ட தெளிவு அதுதான். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் மறுக்க முடியாத சாட்சியாகியிருக்கும்.

நான் கமராவை விட்டுவிட்டு இறங்கிப் போனேன்.

அவரை இறக்கிய பிறகு பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி நின்றாள். அவளுக்குப் பின்னால் தடியோடு ஒருவர். கடைசி ஆள் ஏறும் வரை நின்றேன். பழைய கமராக்கள் அரை மணித்தியாலத்தில் தாமே நின்றுவிடுமாம், இது நிற்கவில்லை. படத்தில் பெரும்பகுதி என் முதுகு. வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே அனுப்பினேன்.

பதில் சனிக்கிழமை வந்தது. "காணொளி தெளிவாக உள்ளது. மேற்படி படியில் பயணிகளுக்கு உதவுவதற்கு ஒருவர் ஏற்கெனவே கடமையில் ஈடுபடுத்தப்பட்டுள்ளமை அவதானிக்கப்படுகின்றது. எனவே கைபிடிக் கம்பிக்கான தேவை தற்போது எழவில்லை."

இன்று காலை பதில் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். உம்மைப் போல எனக்குச் சுருக்கமாக எழுத வராது. இந்தத் தடவை வந்தது.

"ஐயா, காணொளியில் காணப்படும் கைபிடிக்கு வயது அறுபத்து நாலு. நியமனக் கடிதம் கிடையாது. இடது முழங்காலில் வாதம் உண்டு. அதே படியில் முன்பு இருந்த கைபிடி இறந்துவிட்டது. அதற்குப் பதிலாக இது பொருத்தப்படும் வரையில் பயணி ஒருவர் வைத்தியத்துக்குப் போகவில்லை. இதுவும் ஒருநாள் இறக்கும். அதற்கு முன் இரும்பில் ஒன்று தேவை. கிடைக்கும் வரை மாதந்தோறும் எழுதுவேன்."

நாளை செவ்வாய், பூரணமக்காவின் கிளினிக். அவர் பயத்தில் பிடிக்கும்போது நகம் ஆழப் பதிகிறது. போன தடவைத் தடம் என் மணிக்கட்டில் இன்னும் மாறவில்லை. உச்சி வெயிலிலும் நீர் ஏன் நீளக்கைச் சட்டையோடு திரிந்தீர் என்று கேலி செய்தவன் நான். நானும் அப்படி ஒரு சட்டையை எடுத்து இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி வைத்திருக்கிறேன்.