பூவராகவன் இல்லாத ஆட்டங்கள்

ஆரம்பாக்கம்,
2-2-1973.

அன்புள்ள பூவராகவன் அவர்களுக்கு,

போன வருஷம் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், பொன்னேரியில் நம் கல்லூரி நூலகத்துக்கு வந்து நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "நாளிக்கி நல்லா ஆடினா பிலாய் உருக்காலைல எடுத்துக்குவாங்களாம். போவட்டுமா, இங்கியே இருக்கட்டுமா? நீ இன்னா சொல்ற?" என்றீர்கள். அதுவரை என்னை ‘நீங்க’ என்றுதான் சொல்லிவந்தீர்கள். நான் உங்கள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, "இதுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள்" என்று சொல்லி முத்திரை குத்தினேன். சொல்ல நினைத்தது ‘போகாதீர்கள்’ என்ற ஒரு வார்த்தை. மறுநாள் நீங்கள் ஒரு கோல்கூட விடவில்லை. அடுத்த மாதம் பிலாய்க்கு ரயில் ஏறிவிட்டீர்கள்.

அங்கே குளிர் தாங்க முடியவில்லை என்று, உங்களுக்கு ஆட்டம் கற்றுத்தந்த ஆதிநாராயணன் மாஸ்டருக்கு எழுதியிருந்தீர்களாம். கம்பளி வாங்கிக்கொண்டீர்களா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? மீன் கிடைக்கிறதா? மாஸ்டர் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டவில்லை. அவர் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

இந்த வருஷத்து அணியைப் பற்றி உங்களுக்கு யாரும் விவரமாக எழுதியிருக்க மாட்டார்கள். கோலில் இப்போது ஜோசப் நிற்கிறார். முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் விட்டார். பந்து வரும்போது இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறார். "டேய், பந்தப் புடிடான்னா கும்புட்டுக்கினு நிக்கிற! இது இன்னா கோயிலா?" என்று மாஸ்டர் கத்தியது நூலகம் வரைக்கும் கேட்டது.

கார்த்திகை மழையில் மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு மாதம் பயிற்சியே இல்லை. பிறகு ரயில் பாதை ஓரத்து மேட்டில் ஆடினார்கள். மாலையில் என் ரயில் அந்த இடத்தைத் தாண்டும்போது, படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்பவரைப் பார்ப்பேன். உயரம் போதாது. திரும்பவும் படிப்பேன், அதே வரியை. கும்மிடிப்பூண்டி வருகிற வரைக்கும் அதே வரிதான்.

எப்படியோ தேறிவிட்டார்கள். திருவள்ளூரில் நடந்த அரையிறுதியில் ஜோசப் ஒரு பெனால்டியைக் காலால் தடுத்தார். எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, "சத்தியமா எனுக்கே தெரியாது சார், அதுவா வந்து கால்ல பட்டுச்சி" என்றாராம். இறுதி ஆட்டம் இந்த மாதம் 25ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

இனி, எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

நேற்று உங்கள் அம்மா நூலகத்துக்கு வந்தார்கள். ‘புக்கு குடுக்கிற பொண்ணு’ நன்றாக எழுதும் என்று நீங்கள் எப்போதோ சொல்லியிருந்தீர்களாம். அப்பாவும் வந்தார். உள்ளே வரமாட்டேன் என்று வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டார். அம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ராகவா, நைனாவுக்கு ரொம்ப இளைப்பு. இனிமே படகு ஏற முடியாது. 25ந் தேதி பாடு சீட்டு போடறாங்க. நம்ம ஊட்டுக்காக நீ வந்து நிக்கணும். கண்ணாலம் கட்டின ஆம்பளைக்குத்தான் பங்குன்னு உனுக்கே தெரியும். இந்தத் தபா யாரும் நிக்கலன்னா நம்ம பேர எடுத்துடுவாங்க. அப்புறம் ஏரில நம்ம வலை எறங்காது. சின்னப்பொண்ணப் பேசி வச்சிருக்கோம். 23ந் தேதி தாலி. லீவு குடுக்கலன்னா வேலைய உட்டுட்டு வா."

பாடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று குப்பத்தில் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வதுதான் பாடு என்று அம்மா விளக்கினார்கள். அதற்குள் வராந்தாவிலிருந்து அப்பா, "எழுதாத பாப்பா! அவன் அங்கியே பந்தாடிக்கினு இருக்கட்டும். சேத்துல நான் நின்னது போதும்" என்று சத்தம் போட்டார். "இவரு பேச்சக் கேட்டா ஊடு வெளங்குமா? நீ எழுது" என்றார்கள் அம்மா. இருவர் சொன்னதையும் எழுதிவிட்டேன்.

சின்னப்பொண்ணு என்கிற அந்தப் பெண் வலை பின்னுவதில் கெட்டிக்காரியாம். வாய்விட்டுச் சிரிப்பாளாம். "நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு, எம்புள்ளைக்கு ஏத்தவதானே?" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஏற்றவள்தான் என்றேன். அது பொய் இல்லை. எங்கள் வீட்டில் நெல்லைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசுவார்கள். உங்கள் குப்பத்தின் பெயரைச் சொல்வது மீன் வாங்கும்போது மட்டும்தான்.

உருக்காலை வேலை போய்விட்டால் திரும்பக் கிடைக்காது. நீங்கள் ஆடும் ஆட்டமும் அதோடு முடிந்துவிடும். இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்: வாருங்கள். அம்மாவுக்காகச் சொல்கிறேன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கியதும் நேரே குப்பத்துக்குப் போங்கள். வழியில் எங்கும் நிற்க வேண்டாம். உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நீங்கள் போடும் வலையில் எப்போதும் மீன் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சம்பூர்ணம்,
நூலக உதவியாளர்.

(என்னிடமுள்ள நகலின் அடியில், 5-3-1973)

22ஆம் தேதி வந்தார். 23ஆம் தேதி கல்யாணம். 25ஆம் தேதி சீட்டில், ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே, மீன் நிறையக் கிடைக்கும் இடம் விழுந்தது. அன்று மாலை திருவள்ளூரில் நம் கல்லூரி ஒன்றுக்கு மூன்று என்று தோற்றது. அவர் பிலாய்க்குத் திரும்பவில்லை. நூலகத்துக்கும் வரவில்லை.