மேல்கொட்டாய்க்கு இரண்டாவது வண்டி

காரிமங்கலம் வட்டம்,
வைகாசி, வெள்ளிக்கிழமை.

அன்புக் கண்ணு எழிலரசிக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீ உடம்பு நோகாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று எடுப்பேன், உன் குரலைக் கேட்டதும் வெயிலைப் பற்றியும் மாங்காயைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், முழுதும் படித்துவிட்டுப் பிறகு கூப்பிடு.

ஊர் போர்வெல் வற்றிப்போய் டிராக்டரில் டேங்க் கட்டித் தண்ணீர் விட ஆரம்பித்தபோது, சத்தம் போடுகிற தெருவுக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். எனக்குப் பஞ்சாயத்துத் தலைவர் என்று பேர், நம் வாசலில் தினமும் குடத்தோடு சண்டை. நீதான், என் வேலையில் கப்பலில் பெட்டி ஏற்றுவதற்குப் போடுகிற கணக்கையே இதற்கும் போடலாம் அம்மா என்று சொன்னாய். டிராக்டர் நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும், ஊருக்குள் ஒரு நடை போய்வர ஒரு மணி நேரம், மேல்கொட்டாய்க்கு மேடும் பாறையுமாக இரண்டு மணி நேரம், குறைந்தது ஊருக்கு நாலு வண்டி, மேல்கொட்டாய்க்கு ஒரு வண்டி வேண்டும் என்று நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, ஊருக்கு எட்டு, மேல்கொட்டாய்க்கு ஒன்று, மொத்தம் ஒன்பது வண்டி, இதற்கு மேல் ஒரு சொட்டுகூட முடியாது என்று அனுப்பினாய். அப்படியே செய்தேன். ஊரில் சண்டை நின்றது. மாதையன் பெரியப்பா கூட, "எழிலு படிச்ச படிப்பு வீண் போகலம்மா" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார்.

போன வாரம் மேல்கொட்டாய் சாலம்மாள் பழைய கல்குவாரிக் குழியில் இறங்கித் தண்ணீர் மொள்ளப் போய் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அவளுக்கு இரண்டு மாடு, ஐந்தாறு ஆடு, வீட்டில் நடக்க முடியாத புருஷன். வருகிற ஒரு வண்டி குடிக்கவும் சோறாக்கவும் சரியாகப் போய்விடுகிறது, மாட்டுக்கும் துணிக்கும் குழிதான் கதி. நான் சொன்ன குறைந்தபட்சத்தில் மாடும் இல்லை, துணியும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைத் திட்டுவாள் என்று பார்த்தால், "நான் யாரையும் குத்தம் சொல்லலீங்க. ஒரு வண்டிதான் எங்களுக்குன்னு யாருங்க முடிவு பண்ணது? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். டிராக்டர் ஓட்டுகிற மாதேஸ்வரன் அங்கேயெல்லாம் "வெளிநாட்டுல இருந்து பாப்பா கம்ப்யூட்டர்ல போட்ட கணக்கு" என்று பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறான். வார்டில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான்தான் முடிவு பண்ணினேன் சாலம்மா என்றேன். அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகக் கணிதத்தில், கோடுகள் போட்டு அதிகபட்சம் கண்டுபிடிக்கிற நேரியல் திட்டமிடல் நானும் படித்தவள்தானே. கோடுகள் சரி, வெட்டும் இடம் சரி, உன் விடையில் ஒரு பிழையும் இல்லை கண்ணு. மொத்தத் தண்ணீர் எதில் அதிகம் என்று கேட்டோம், விடை கோட்டின் கடைசி மூலையில் போய் நின்றது. பக்கத்து நடை சீக்கிரம் முடிவதால் மிஞ்சுகிற வண்டியெல்லாம் பக்கத்திலேயே போய்ச் சேருகிறது, தூரத்தில் இருப்பவர்களுக்கு நாம் எழுதிவைத்த அந்த ஒன்றுக்கு மேல் எந்தக் காலத்திலும் வராது.

மறுநாள் ஊருக்கு ஆறு, மேல்கொட்டாய்க்கு இரண்டு என்று மாற்றினேன். மொத்தம் எட்டுதான். கூட்டத்தில் பெரியப்பா எழுந்து, "அங்க ஒண்ணு குடுக்க இங்க ரெண்டு புடுங்கற, இது என்னம்மா கணக்கு? ஒரு வண்டி தண்ணிய ரோட்டுலயே ஊத்தறியே" என்றார். அவர் சொன்னது நிஜம்தான். ஆனாலும், ஊத்தத்தான் வேணும் மாமா, அவங்க தூரத்துல இருக்கறது அவங்க தப்பா என்றேன். அவர் துண்டை உதறிக்கொண்டு போனவர், தன் மகள் கோகிலவாணி கல்யாணத்துக்கு நம் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. பெரியம்மா குழாயடியில் என்னைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள். அப்பாவுக்கு அண்ணன் இல்லாமல் ஒரு காரியமும் ஆனதில்லை, ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டே இருக்கிறார், ஆனால் பழையபடி மாற்று என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை.

நேற்று மேல்கொட்டாய்க்கு இரண்டாவது வண்டி கிளம்பும்போது பெரிய தெரு ஆட்கள் குறுக்கே நின்றுகொண்டார்கள். மாதேஸ்வரன் இன்ஜினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். சேலையைச் சொருகிக்கொண்டு அவன் பக்கத்தில் மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்து, "எடுப்பா" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார்கள், பிறகு ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். மேட்டில் டேங்க் குலுங்கின குலுக்கில் முதுகு இன்னும் வலிக்கிறது. மேல்கொட்டாயில் யாரும் மாலை போடவில்லை, சிரிக்கவும் இல்லை. தண்ணீர் பிடித்து முடித்த பிறகு குள்ளம்மாள் மட்டும் கிட்டே வந்து, "நாளைக்கும் வருங்களா?" என்று கேட்டாள். வரும் என்று சொல்லிவிட்டேன். இறங்கி வரும் வழியெல்லாம், நாளைக்கும் வண்டியை விடுவார்களா என்று அதே நினைப்பு.

சாலம்மாளுக்கு ஆபரேஷன் செய்தாயிற்று, நடப்பாளா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. இதைக் கேட்டு நீ கணக்கையே வெறுத்துவிடாதே, எனக்கு அது இன்னும் வேண்டும். மறுபடி ஒன்று போட்டு அனுப்பு. இந்த முறை மாட்டையும் ஆட்டையும் சேர்த்துக்கொள். மொத்தம் எவ்வளவு என்று பார்க்காதே, இருப்பதிலேயே குறைவாகக் கிடைக்கிற வீட்டுக்கு அதிகபட்சம் எத்தனை குடம் தர முடியும் என்று பார். அப்படியும் கணக்குப் போட முடியுமா என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்திருக்கும்.

முருகன் துணை இருப்பான், நீ எடுக்கிற காரியமெல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், சீரும் சிறப்புமாக இருக்க வேண்டும். வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்கு ஓடாதே. பெரியப்பா உனக்குப் போன் செய்தால் எடுக்காமல் விட்டுவிடாதே. திட்டினால் கேட்டுக்கொள். கல்யாணத்துக்கு நீயாகவே வாழ்த்துச் சொல். எனக்காகப் பரிந்து மட்டும் பேசாதே, இந்த ஊரில் இருக்கப்போகிறவள் நான்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
பானுமதி.