யூரோப்பாவில் பன் சுட்டது

நாள் 211, காலை 07:10
வியாழனின் துணைக்கோள் யூரோப்பா, பனி நிலையம். எழுதுபவர் ஜெபசெல்வி, வேதியியலாளர். நிலையத்தில் நாங்கள் இருவர்தான். காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. லிஃப்ட் அறுந்து விழுந்து ஐந்து நாள். தோண்டும் பொறியாளன் இன்பராஜ் 900 மீட்டர் ஆழத்தில், பனிக்கடியில் உள்ள அறையில் சிக்கியிருக்கிறான். காற்று இருக்கிறது, சாப்பாடு இல்லை. மீட்புக் கலம் வர இன்னும் பன்னிரண்டு நாள். கயிற்றில் ஒரு சின்னக் கூடையை மட்டும் இறக்க முடிகிறது. கஞ்சி வழியிலேயே உறைந்து கல்லாகிறது. சப்பாத்தி பலகையாகிறது, விழுந்ததில் அவனுக்கு முன்பற்கள் போய்விட்டன. மெத்தென்று பன் வேண்டும். பேக்கிங் பவுடர் டப்பாவைத் திறந்தேன். காலி. முந்தைய குழுவில் எவனோ காலி டப்பாவை அழகாக மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கையில் கிடைத்தால் தொலைந்தான்.

நாள் 212, பகல் 13:40
அஜீரணப் பொடியைப் போட்டேன். உடனே பொங்கி, அடுப்புக்குள் போகும்முன் அமுங்கிவிட்டது. ஒரே கரிப்பு. தீயணைப்பானில் இருப்பதும் சமையல் சோடாதானே என்று அதைத் தட்டிப் போட்டேன். மஞ்சள் கட்டி வந்தது. வாயில் வைத்துத் துப்பினேன். இட்லி மாவு போலக் கையால் பிசைந்து புளிக்க வைத்தேன். ஒரு குமிழிகூட இல்லை. நாளெல்லாம் கிருமிநாசினியில் கழுவிக் கழுவி, மாவு புளிக்க உதவும் கிருமிகூட என் கையில் மிச்சமில்லை.

நாள் 213, காலை 09:05
கீழிருந்து, வானொலியில்: "அக்கா, இங்க சுவத்துல நுரை பொங்கிட்டுக் கெடக்கு. கூடையில வச்சு விடுதேன். மாவுல போட்டுப் பாருங்க. பசி தாங்கல."
வந்தது. சாம்பல் நிறம். சளியைப் போல இழுபடுகிறது. அழுகிய நண்டு வாடை. குமட்டிக்கொண்டு வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நாள் 215, காலை 10:30
இன்று இரண்டே முறைதான் பேசினான். குரல் தேய்ந்துவிட்டது. வேறு வழியில்லை. மூக்கை அடைத்துக்கொண்டு, இரட்டைக் கையுறையோடு பிசைந்தேன். ஒரு மணி நேரத்தில் மாவு மூன்று மடங்கானது. 220 டிகிரியில் சுட்டேன். பன் அவ்வளவு அழகாக வந்ததுதான் பெரிய அருவருப்பு. அனுப்பினேன்.
"பஞ்சு மாதிரி இருக்குக்கா!"

நாள் 218, பகல் 14:15
அவன் தெம்பாகப் பேசுகிறான். எனக்குத்தான் தலைமுடியில்கூட அந்த நாற்றம். மாவு இன்றோடு தீர்ந்துவிட்டது. அவனிடம் சொன்னேன்.
"கவலப்படாதீங்கக்கா. நுரைய நான் பச்சையாவேல்லா திங்கேன். ருசியாத்தான் இருக்கு."
தொடாதே என்று கத்தினேன். பிறகு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

நாள் 220, காலை 08:20
கூடை கனமாக மேலே வந்தது. உள்ளே பதினொரு பன். சூடாக. கீழே அடுப்பு கிடையாது. மாவும் நான் ஒருபோதும் இறக்கியதில்லை. ஒன்றைக் கத்தியால் பிளந்தேன். நடுவில் ஒரு கட்டைவிரல் நகம். மாவு கிடைக்காத நுரை அவனையே மாவாக்கிக்கொண்டிருக்கிறது.
வானொலியில் அவன் குரல்தான்: "சாப்பிடுங்கக்கா. சூடு ஆறுது."
இதைப் படிப்பவர்களுக்கு: லிஃப்டைச் சரிசெய்யாதீர்கள். அந்தக் கூடையை இழுக்காதீர்கள்.

நாள் 220, காலை 11:50
பிளந்த பன்னை எரித்துவிடலாம் என்று அடுப்பில் வைத்தேன். கருகவில்லை, இன்னும் உப்பியது. குமட்டல் நின்றுவிட்டது. அறை முழுக்க பேக்கரி வாசனை. குழாய் உணவைப் பிதுக்கி வாயில் வைத்தேன், தொண்டையில் இறங்கவில்லை

நாள் 220, பகல் 12:30
மீட்புக் கலத்தில் நான்கு பேர் வருகிறார்கள். பாவம், பசியோடு வருவார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.
உப்பு மட்டும் சற்றுக் குறைவு.