வெள்ளிக்கிழமைக்குள் எடுக்கவேண்டிய கார்

கிளி,

இன்று காலை கீழே பார்க்கிங்குக்குப் போய் உன் காரின் கதவைத் திறந்தேன். கழுத்து நோவுக்கு நீ பூசும் தைலத்தின் மணம் இன்னும் சீற்றில் இருக்கிறது. கொஞ்ச நேரம் உள்ளே இருந்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். உன் மகள்தான் வாசித்துச் சொன்னாள். பார்க்கிங்கைக் கழுவப் போகிறார்களாம், வெள்ளிக்கிழமை காலைக்குள் எல்லாக் கார்களும் வெளியே போய்விட வேண்டுமாம். போகாததை இழுத்துக்கொண்டு போவார்களாம். எனக்குக் கார் ஓடத் தெரியாது. அவளுக்கு ஓட விருப்பமில்லை. உன்னோடு பேக்கரியில் வேலை செய்த, வெக்ஸ்போர்ட் பக்கம் இருக்கிற அக்கா, விற்பதென்றால் தானே எடுப்பதாக இரண்டு தரம் போன் பண்ணிவிட்டா. இன்று காலைவரை நான் பதில் சொல்லவில்லை.

பதில் எப்படிச் சொல்வேன்? ஆஸ்பத்திரியில் கடைசியாய் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். "அக்கா, பிள்ளைக்குக் கார் பழக்கிவிடு. அவள் ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கக்கூடாது." நான் ஓம், பழக்கிவிடுறன் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். நாங்கள் கனடாவுக்கு வந்து டோர்செட் பார்க்கில் குடியிருந்த முதல் வருசம், அவளுக்கு இரண்டு வயது, காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. டாக்ஸிக்குப் போன் பண்ண எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் வராது. கார் வைத்திருந்த அண்ணைமார் மூன்று பேரைக் கேட்டாய். ஒருவர் போனை எடுக்கவில்லை. ஒருவருக்கு வேலை. மூன்றாமவர் சாப்பிட்டுவிட்டு வாறன் என்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் கண்ணாடிக் கதவுக்குள் முக்கால் மணித்தியாலம் நின்றோம். வந்தவர் டாக்டரிடம் போய்ச் சேரும்வரை உனக்குப் பிள்ளை வளர்க்கப் புத்தி சொன்னார். நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய்.

அதற்குப் பிறகுதான் ஓடப் பழகினாய். மூன்று தரம் பெயில். நாலாம் தரம் பாஸாகி, பழைய கார் ஒன்றை வாங்கி, கோயிலில் நாலு சில்லுக்கும் எலுமிச்சங்காய் வைத்து நசித்துக்கொண்டு வந்தாய். அடுத்த நாளே கட்டடத்துப் பெண்டுகளை ஏற்றினாய். "மனுசன்மாருக்குச் சொல்லாதேங்கோடி, திரும்பி வரமாட்டம்" என்று நீ சொல்ல, பின்சீற்றில் நாலு பேர் விழுந்து விழுந்து சிரித்தோம்.

உனக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமென்று கார்த்திகையில் ஒரு பிழை விட்டேன். பஞ்சாங்கம் பார்த்து, வியாழக்கிழமை நல்ல நேரம் குறித்து, கார் பழக்குகிறவரை வரச் சொல்லிவிட்டேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. வந்தவர் வாசலில் ஹோர்ன் அடிக்க, எட்டிப் பார்க்காத வீடு இல்லை. அவள் கீழே போய், "சொறி அங்கிள், பெரியம்மா என்னைக் கேக்காமச் சொல்லிப்போட்டா" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மேலே வந்ததும் நான் கத்தினேன். "உன்ர வயசுப் பிள்ளையளைப் பார்" என்றேன். "என்ர வயசில ஆர் பெரியம்மா ஓடுகினம்?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். அவளுடைய கூட்டாளிகளில் ஒருத்தியிடம்தான் லைசென்ஸ் இருக்கிறது, அவளும் அதை வயதுக்கு அத்தாட்சி காட்டத்தான் வைத்திருக்கிறாள். எங்கள் மருமக்கள் லைசென்ஸ் எடுக்கப் பதினாறு வயது எப்போது வரும் என்று நாள் எண்ணியவர்கள். இவர்கள் போனைப் பார்த்து, பஸ் இரண்டு தரிப்புக்கு அங்கால நிற்கிறது என்கிறார்கள்.

அப்போதுதான் நீ கேட்டதை அவளிடம் சொன்னேன். பிறகு, "அம்மா ஆக்களுக்காகக் காத்து நிண்டவ. நான் பஸ்ஸுக்குத்தானே நிக்கிறன். பஸ் எனக்குப் புத்தி சொல்லாது" என்றாள்.

இப்போது ஒஷாவாவுக்குப் பஸ்ஸில் போய்வந்து படிக்கிறாள். பின்னேரம் ஜன்னலடியில் நின்று பஸ் தரிப்பைப் பார்ப்பதுதான் என் வேலை. எனக்கு எழுத்து வாசிக்க நேரமெடுக்கும் என்று, "ஏறிட்டன்" என்று குரலில் அனுப்புவாள். அது வரும்வரை ஜன்னலை விட்டு அசையமாட்டேன். ஆனால் மாசியில் ஒரு நாள் கொட்டிய பனியில் ரோட்டெல்லாம் கார்கள் சறுக்கி மோதி நின்றன. பஸ்ஸில் அவள் பிந்தி வந்தபோது, நல்லவேளை இவள் ஓடப் பழகவில்லை என்று நினைத்தேன். நினைத்ததும் உன் கை ஞாபகம் வந்தது. ஓடினாலும் பயம், ஓடாவிட்டாலும் பயம் எனக்கு.

காரை ஒரு நாளைக்கு வெளியே எடுத்துவிடச் சொல்லி ஆரையாவது கேட்கலாம். அதற்கும் ஒருவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமே என்றுதான், இன்று மத்தியானம் வெக்ஸ்போர்ட் அக்காவிடம், காரை எடுத்துக்கொள்ள வரச் சொல்லிவிட்டேன். நாளைக்கு வருவா. உன் மகள் தடுக்கவில்லை. "உங்கட விருப்பம் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உனக்குச் சொன்ன அந்த ஓம் மட்டும் என்னிடம் இருக்கிறது. எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. அன்றைக்கு நீ என்னிடம் கேட்டது, அவள் கார் ஓட வேண்டும் என்றா, ஆரையும் கெஞ்சாமல் இருக்க வேண்டும் என்றா, கிளி?