பச்சைப் பெட்டியை நீக்கலாமா?

இன்று பள்ளிக் கணினி அறையில் நடந்ததை உள்ளபடி உனக்கு எழுதப் போகிறேன். நான் செய்த தவறையும் சேர்த்துத்தான்.

காலையில் நாம் இருவரும் சொற்கள் சேர்த்துவந்த இணைய அகராதியைத் திறந்தேன். நீ உருவாக்கிய வார்ப்புருவின், அதாவது டெம்ப்ளேட்டின், தலையில் ஓர் அறிவிப்பு: "தேவைக்கு மிகுதி. நீக்கலாமா?"

எட்டாம் வகுப்பில், கவரைப்பேட்டையில், உங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அதைச் செய்தாய். நம் ஊர்ப் பேச்சுச் சொல் எதுவானாலும், அந்தப் பக்கத்தில் வார்ப்புருவின் பெயரை இட்டால் போதும். 'கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பேச்சு' என்று ஒரு பச்சைப் பெட்டி வந்து நிற்கும். 'பேஜாரு' பக்கத்தில் அது முதலில் தோன்றியபோது என் தோளில் அடித்தாய்.

"பார்றீ, நம்மூரு பேரப் போட்டுக்கினு இன்னா கெத்தா நிக்குது!"

"பச்சை கொஞ்சம் ஓவர்டி."

"உனக்கு இன்னா தெரியும், பொஸ்தகப் பூச்சி?"

போன ஆடி மாதம் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

அகராதியின் நிர்வாகி சொன்ன காரணம் எளிமையானது. எந்த ஊரின் பெயரையும் ஏற்கும் பொது வார்ப்புரு வந்துவிட்டது. ஒரே வேலைக்கு இரண்டு எதற்கு? மூன்று பேர் ஆதரித்திருந்தார்கள். "உருவாக்கியவர் இப்போது இல்லை. அவருடைய தோழியின் கருத்தைக் கேட்டு மாலையில் முடிவு செய்வோம்" என்று முடித்திருந்தார்.

"வேண்டாம். நிறையப் பக்கங்களில் பயன்படுகிறது" என்று எழுதினேன். அது பொய். பொய்யை உண்மையாக்க, மதியம் சாப்பிடாமல் ஆறு பக்கங்களில் உன் பெட்டியைப் புகுத்தினேன். எல்லா ஊரிலும் வழங்கும் சொற்களில்கூட.

கடைசிப் பாடவேளையில் நிர்வாகியின் கேள்வி வந்திருந்தது: "'குடை' உங்கள் ஊர்ப் பேச்சா?"

பின்னால் நின்று படித்த கம்ப்யூட்டர் மிஸ் சிரித்தார்.

"குடை நம்மூரு வார்த்தையா? அப்போ திருவள்ளூர்ல இன்னாமா பண்றாங்க, நனைஞ்சிக்கினே போறாங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருமுறை நான் கற்பனையாகச் சேர்த்த சொல்லை நீ அழித்தது நினைவுக்கு வந்தது. "கேக்காத வார்த்தைய எழுதாதடி. எவனாச்சும் நம்பிடுவான்" என்றாய். அன்று இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

ஆறு பக்கங்களையும் பழையபடி மாற்றினேன். "அவற்றைச் சேர்த்தது நான்தான். மன்னியுங்கள். நீக்கலாம்" என்று எழுதும்போது எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. பிறகு ஒன்று கேட்டேன்: "அவள் சேர்த்த சொற்களைப் பொது வார்ப்புருவுக்கு நானே மாற்றட்டுமா?" உடனே பதில் வந்தது: "நீங்கள்தான் மாற்ற வேண்டும்."

ஒவ்வொரு பக்கமாகச் சேமித்தேன். பச்சை மறைந்து, அதே ஊர்ப்பெயர் சிறிய எழுத்தில் வந்தது. காலைச் சிற்றுண்டியைக் குறிக்கும் 'நாஷ்டா' பக்கத்தில் கை நின்றது. எடுத்துக்காட்டாக நீ எழுதியிருந்தாய்: "அம்மா நைட் ஷிப்டு முடிச்சிக்கினு வந்தாத்தான் எங்க ஊட்ல நாஷ்டா."

பெட்டியை எடுத்தேன். வாக்கியத்தைத் தொடவில்லை. பக்கத்தின் திருத்த வரலாற்றில் அதற்கு நேரே உன் பெயர் இருக்கிறது. அதை யாரும் நீக்கச் சொல்லவில்லை. உன் அம்மா இன்னும் அதே கம்பெனிக்குத்தான் போகிறார். காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து அவர் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் இனி இந்த வாக்கியம் உன் குரலில் எனக்குக் கேட்கும்.

சேமி என்பதை அழுத்தினேன். மிஸ் விளக்குகளை அணைத்துவிட்டார்.