நீ ராணிக்குச் சொன்ன காட்சி

கண்ணு,

பனியன் துணியில் புதிதாக அடித்த பிரிண்டுக்கு ஒரு வாடை உண்டு. ரப்பரை வெயிலில் காயவைத்தாற்போல மூக்கில் ஏறும். என் வீட்டுக்காரர் வேலை செய்கிற பிரிண்டிங் யூனிட்டிலிருந்து, அச்சு கோணலாக விழுந்ததால் கழித்துப்போட்ட டீ-ஷர்ட் ஒன்றைப் போன வாரம் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் நம் டிவி தொடரின் வடிவு. நம் வடிவுகூட இல்லை, படத்தில் வடிவாக நடிக்கிற புதுப்பெண்.

"பழைய வடிவுதான் வேணும்னு ஒரு கோஷ்டி, புது வடிவுக்கு ஒரு கோஷ்டி. ரெண்டு கோஷ்டி சட்டையும் எங்க டேபிள்லதான் அடிக்கறோம். சண்டை நல்லா நடக்கட்டும் சாமி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீயும் நானும் ஆறு வருஷம் வளர்த்த தொடரைப் படமாக எடுத்துவிட்டார்கள், அதை உன்னிடம் சொல்ல வழியில்லை.

நாம் பார்த்த தொடர் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பார்த்தவள் நான் மட்டும்தான். உனக்கு எப்போதும் ஒன்றரை ஷிப்ட். ராத்திரி எட்டு மணிக்குத் தொடர் ஆரம்பிக்கும்போது நீ கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்று, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பனியன்களைப் புரட்டிக்கொண்டிருப்பாய். மறுநாள் காலையில், வேன் வருவதற்குள், பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வருவாய். "யக்கா, சீக்கிரம் சொல்லுங்க. வடிவு என்ன செஞ்சா? அந்த மாமியாக்காரி என்ன சொன்னா?"

கொத்தமல்லி வாங்கிய காசைக்கூட அன்றன்றைக்கே எழுதி வைக்கிறவள் நான். கதையையும் அப்படித்தான் சொன்னேன். வந்தது வந்தபடி. ஒருநாள் நீ பொறுக்க முடியாமல், "அந்தச் சாவிக்கொத்தத் தூக்கி வடிவு மாமியாக்காரி மூஞ்சில எறிஞ்சிருக்கணும்லா?" என்றாய். "அப்படி வரலை கண்ணு. வராததை நான் எப்படிச் சொல்றது?" என்றேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்க அக்கா கதையா சொல்லுதாங்க? கோர்ட்டுல சாட்சில்லா சொல்லுதாங்க" என்று தெருவுக்கே கேட்கச் சிரித்தாய். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. உன் ஒருத்திக்காகவே ஒரு வசனம் விடாமல் மனதில் ஏற்றிக்கொண்டு பார்ப்பேன்.

இப்போது ராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் ஊர்க்காரி, உன் டேபிள்காரி. காலையில் வேன் வரும்வரைதான் நீ எனக்கு. பகல் முழுக்க அவளுக்கு. நீ நோயில் போன அன்று, உன்னை ஊருக்குக் கொண்டுபோன வேனில் அவளுக்கு இடம் இருந்தது, எனக்கு இல்லை என்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் உன்மேல் மண் போட்ட கை அவள் கை. இதற்காக ஒருத்தியைப் பிடிக்காமல் போகுமா என்றால், போகும். சஷ்டி விரதம் இருக்கிறவள் வாயில் வரக்கூடாத பேச்சுத்தான். வேறு யாரிடம் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை நம் லைன் வீட்டுப் பெண்களும் உன் செக்கிங் டேபிள் பெண்களும் சேர்ந்து படத்துக்குப் போனோம். தொடர் எப்படி முடிந்தது என்று உனக்கு நினைவிருக்கும். வீட்டை விட்டுத் துரத்திய மாமியார் படுக்கையில் விழுந்துவிடுவாள். வடிவு திரும்பி வந்து வாசலில் நின்று, "வந்துட்டேன் அத்தை" என்பாள். அத்தோடு சரி. படத்தில் வடிவு கேஸ் போட்டு ஜெயித்து, அந்த வீட்டையே விற்றுவிடுகிறாள். தியேட்டரில் விசில் பறந்தது.

பிறகு எதிரிலிருந்த பேக்கரியில் டீக்கு உட்கார்ந்தோம். சண்டையும் கூடவே வந்து உட்கார்ந்தது. எதிர்வீட்டுச் சுமதிக்குப் படம் பிடித்துப்போயிற்று. "ஏனுங்க்கா, துரத்திவுட்டவ படுத்துக்கிட்டா ஓடிப்போய்ப் பாக்கோணுமா? வித்தா பாருங்க, அதுதானுங்க சரி."

"விக்கட்டும், விக்க வேண்டாங்கல" என்றாள் ராணி. "அந்தத் தலை வாருத சீன எதுக்கு வெட்டுனானுவ? உயிரே அதுலதான இருக்கு?"

"எந்தத் தலை வார்ற சீனு?"

"என்ன இப்படிக் கேக்கிய? வடிவு திரும்பி வந்து, ஒண்ணுமே பேசாம மாமியாக்காரி தலைய எடுத்து மடியில வச்சு வாருவால்லா? 'என்னை மன்னிச்சிட்டியா'ன்னு அவ கேப்பா. இவ, 'சிக்கா இருக்குதுங்க, அசையாம இருங்க'ம்பா. அம்புட்டுத்தான். டீ டயத்துல அவ இத எங்களுக்குச் சொன்ன அன்னைக்கு ஒருத்தியும் டீ குடிக்கல."

அவ என்றது உன்னை.

அப்படி ஒரு காட்சி தொடரில் வரவே இல்லை. நான் உனக்குச் சொல்லவும் இல்லை. சுமதி செல்போனை எடுத்துக் கடைசி நாள் தொடரைத் தேடிப் போட்டாள். மேஜை முழுக்கத் தலைகள் குனிந்தன. வாசல், வடிவு, வந்துட்டேன் அத்தை, முடிந்தது. "ராணியக்கா பனியன் மூட்டை மேல படுத்துக் கனாக் கண்டிருக்குமுங்க" என்றாள் சுமதி. எல்லோரும் சிரித்தார்கள். ராணியின் முகம் சுருங்கிவிட்டது. "அவ பொய் சொல்லமாட்டாட்டி" என்றாள் மெதுவாக. அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்ககிட்ட மட்டும் இதப் பேசிரக் கூடாதுன்னு சொல்லுவா அக்கா. அதான் இத்தன நாளும் கேக்கல" என்றாள்.

கண்ணு, அந்தச் சீப்பு என் சீப்பு. நாளெல்லாம் குனிந்து நின்று தோள் பிடித்துக்கொண்டு உனக்குக் கை தலைக்கு மேலே போகாது. கதை சொல்லிக்கொண்டே தினமும் நான்தான் உனக்குத் தலை வாரிவிட்டேன். வடிவுக்கு என்ன ஆகுமோ என்று நீ திரும்பித் திரும்பிப் பார்ப்பாய். "சிக்கா இருக்குது, அசையாம இரு கண்ணு" என்பேன். என் வாய் வார்த்தையைக் கொண்டுபோய் வடிவின் வாயில் போட்டிருக்கிறாய். என்னைக் கொண்டே ஒரு காட்சி கட்டி, அதை எனக்குத் தராமல் ராணிக்குக் கொடுத்திருக்கிறாய். வாங்கியவள் இத்தனை வருஷம் பத்திரமாகவும் வைத்திருக்கிறாள்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்க வேண்டியதில்லை. அப்படி வரலை கண்ணு என்றுதான் நான் சொல்லியிருப்பேன். அது தெரிந்த பிறகும் மனம் ஆறவில்லை. அழகான ஒன்றைச் செய்ய உனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அந்த மேஜையில் ராணி ஒருத்திக்குத்தான் அது தெரிந்திருந்தது.

"அக்காவக் கேளுங்க. ஒரு நாள் வுடாமப் பாத்தவங்க. அவங்க சொன்னாச் சரி" என்றாள் சுமதி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ராணி தோற்றுவிடுவாள். அந்த ஆசை வரவில்லை என்று சொல்லமாட்டேன். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இல்லை என்றால் நீ பொய்க்காரி ஆகிவிடுவாய். உன் காட்சியும் அந்த எச்சில் டம்ளர்களோடு போய்விடும்.

"செல்போன்ல போடறது வெட்டிப் போட்டதுங்க. டிவில வந்தப்ப அந்த சீன் இருந்துச்சு. நான் பாத்தேன்" என்றேன்.

சுமதி செல்போனைப் பைக்குள் போட்டாள். ராணி என் கையைப் பிடித்து, "எனக்கே சந்தேகம் வந்துட்டுக்கா, நல்ல வேள" என்று கண்ணைத் துடைத்தாள். நான் கையை உருவிக்கொண்டு டீயை எடுத்தேன். அவளுக்காக நான் சொல்லவில்லை.

சுமதி விடுகிற ஆளா? "அப்புறம் மாமியா என்ன சொல்லுச்சுங்க?" என்றாள். ராணியைப் பார்த்தேன். அவள் விழித்தாள். "அது அவ சொல்லல" என்றாள். அங்கேதான் நான் நுழைந்தேன்.

"'வலிக்கலை, நீ வாரு'ன்னு சொல்லுவாங்க" என்றேன்.

ராணி அந்த வார்த்தையைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தான் கேட்காத ஒன்றும் இருந்திருக்கிறதே என்று அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, கண்ணு. அன்று சாயங்காலம் முருகன் சன்னதியில் நின்றபோது, சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. விபூதி மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது உன் கம்பெனியில் எல்லோருமே அந்தக் காட்சியைப் பார்த்ததாகச் சொல்கிறார்களாம். சொல்லட்டும். ராணியும் தன் பங்கை வைத்துக்கொள்ளட்டும். சிக்கு எடுக்கும்போது முடி எவ்வளவு இழுபட்டாலும், "வலிக்கலக்கா, நீங்க வாருங்க" என்று நீ சொல்லுகிற குரலை அவர்களில் ஒருத்தியும் கேட்டதில்லை.